மாரியில் தள்ளும் பலகை: வன்னியில் வைரமரத் தளம் போட்டவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இப்போது வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் குளக்கரை விடுதிகளிலும் பலகைத் தளம் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். வேலை நடப்பது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கும் காலம் அதுதான். தள்ளி எழும்புவது கார்த்திகையில். அப்போது வழமையாக வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். இவை மழையும் வெயிலும் நேரே படும் தளத்துக்கு உரியவை. கூரைக்குக் கீழான விறாந்தையைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஆவணியில் போட்ட தளம். கார்த்திகை மழைக்குப் பலகைகள் முட்டி, நடுவில் கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. மரம் பிழையா, வேலை பிழையா?

பத்தில் எட்டுத் தரம் இடைவெளிதான் பிழை. மரத்தில் குற்றம் இருப்பது குறைவு.

வெட்டிய மரமும் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் ஏறினால் அதன் நார்ச் சுவர்கள் தடிக்கும், இறங்கினால் மெலியும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 28, 30 வீத ஈரம் ஏறும்போது சுவர்கள் நிறைந்துவிடும். அதற்கு மேல் ஊறும் தண்ணீர் உள்ளேயுள்ள வெற்றிடங்களில் போய் நிற்குமே தவிர, மரம் அதற்குமேல் பெருக்காது. ஆகவே பெருக்கமும் சுருக்கமும் நடப்பதெல்லாம் இந்த 30 வீதத்துக்குக் கீழே. வெளியில் போட்ட தளம் வருடம் முழுக்க அந்த எல்லைக்குள்தான் ஏறி இறங்குகிறது.

பெருக்கும் பலகைக்கு இடம் வேண்டும். பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் மேலே எழும்பும். மேலேயும் விடாமல் திருகாணி இறுக்கிப் பிடித்தால் ஆணி முறியும், அல்லது ஓரத்துப் பலகை சுவரையோ தூணையோ தள்ளும்.

எவ்வளவு பெருக்கும் என்று கணக்கு ஏதும் உண்டா?

உண்டு. பேனையும் கடதாசியும் போதும்.

தேக்கை எடுங்கள். பச்சை மரத்திலிருந்து முற்றாகக் காயும்வரை, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5.8 வீதம் சுருங்கும். நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் அதில் பாதிக்கும் குறைவு, ஏறத்தாழ 2.5 வீதம். மரக்காலையில் தட்டையாக அரிந்து தரும் பலகையின் அகலத்தில் முதலாவது போக்குத்தான் வேலை செய்யும். அப்படியென்றால் ஈரம் ஒரு வீதம் கூடினால் அகலம் ஏறத்தாழ 0.19 வீதம் கூடும்.

சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், காய்ந்து கிடந்த பலகை 11 வீத ஈரத்தில் இருக்கிறது, மாரியில் 19க்கு ஏறுகிறது என்று வைப்போம். எட்டு வீத ஏற்றம். 4 அங்குலப் பலகை, அதாவது 100 மி.மீ. அகலத்துப் பலகை, ஒன்றரை மி.மீ. பெருக்கும். இது ஒன்றுமில்லை என்று தோன்றும். இப்போது 40 பலகையை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்: 60 மி.மீ. இரண்டரை அங்குலத்துக்குக் கிட்ட. அந்த இரண்டரை அங்குலம் எங்கேயாவது போக வேண்டும்.

நீளத்தில் பயமில்லை. பத்தடிப் பலகையில் ஒன்றிரண்டு மி.மீ. அசைந்தால் பெரிய விசயம். தலைப்போடு தலைப்பு சேரும் இடத்தில் 3 மி.மீ. விட்டால் போதும். அதுவும் தண்ணீர் வடிவதற்காகத்தான்.

கொழும்பில் மச்சான் வீட்டில் இதே தேக்கு, இதே இடைவெளி. அங்கே ஒன்றும் ஆகவில்லையே?

கொழும்பு ஈரவலயம். இரண்டு பருவ மழையும் படும், கடலும் பக்கத்தில். காற்றின் ஈரம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. மரம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும்.

வன்னி அப்படியில்லை. தென்மேற்குக் காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு வெறுங்காற்றாகத்தான் இங்கே வருகிறது. நாங்கள் சோளகம் என்று சொல்வது அதைத்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அது அடித்து, குளம் வற்றி, புல் காயும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் வருடத்து மழையின் பெரும்பங்கு தைக்குள் கொட்டி முடிந்துவிடும்.

காற்றின் ஈரத்துக்கும் மரத்தின் ஈரத்துக்கும் உள்ள தொடர்பு இது: எங்கள் வெப்பநிலையில் காற்றீரம் 50 வீதத்தில் நின்றால் மரம் நாளடைவில் 9 வீதத்தில் போய் நிற்கும். 65 வீதமென்றால் 12க்குக் கிட்ட. 80 வீதமென்றால் 15, 16. 90ஐத் தொட்டால் 20 அளவில். இதற்கு மேலே நேரடி மழையும் சேர்கிறது. மற்றப் பக்கம், ஆவணி வெயிலில் சுடும் பலகை நிழலில் கிடக்கும் பலகையைவிட இன்னும் கீழே இறங்கும். ஒரே தளம் ஒரே வருடத்தில் இவ்வளவு தூரம் ஏறி இறங்கவேண்டியிருக்கிறது.

கொழும்புக்குப் பக்கத்து மொறட்டுவையில் செய்து லொறியில் ஏற்றிவரும் பலகைக்கு இதே கதை எதிர்ப்பக்கமாக நடக்கும். ஆடியில் வந்திறங்கிய கிழமையே அடித்தால், மாதம் திரும்புவதற்குள் சுருங்கி இடைவெளி அகலும்.

கனடாவில் அண்ணன் வீட்டில் பலகைகளை ஒட்டி ஒட்டித்தான் அடித்தார்கள். அழகாக இருக்கிறது. எங்கள் ஓடாவிக்கு, தச்சருக்கு, அந்தப் படத்தைக் காட்டித்தான் செய்வித்தோம்.

நான் பார்த்த பிழைகளில் அதிகம் இந்தப் படங்களிலிருந்து வந்தவைதான். அங்கே கடையில் வாங்கும் மருந்தூட்டிய பைன் பலகை பெரும்பாலும் ஈரத்தோடேயே வரும். ஒட்டி அடித்தாலும் பிறகு காய்ந்து சுருங்கி, இடைவெளி தானாக விழும். படம் எடுத்த அன்று ஒட்டித்தான் இருந்திருக்கும், அது உண்மை. ஆனால் உங்கள் தேக்கு சோளகத்தில் காய்ந்த தேக்கு. சுருங்குவதற்கு அதில் இனி ஒன்றும் இல்லை, அது பெருக்கத்தான் போகிறது.

அண்ணன் தொலைபேசியில் அடம்பிடித்தால் மேலே உள்ள 60 மி.மீ. கணக்கை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, எவ்வளவு இடைவெளி விடுவது?

கோடையில் நன்றாகக் காய்ந்த 4 அங்குலத் தேக்குப் பலகைக்கு 5, 6 மி.மீ. பாரமான மரமென்றால் 6க்குக் குறையாமல். மழைக்காலத்தில், ஏற்கனவே ஈரம் ஏறியிருக்கும் பலகையை அடிப்பதானால் 3 மி.மீ. போதும், காயும்போது மிச்சம் தானாகத் திறக்கும். சுவர், தூண், படிக்கட்டு என்று அசையாத எதுவும் பக்கத்தில் வந்தால் அங்கே அரை அங்குலம் விடுங்கள்.

அளவு பிடிக்கக் கண்ணை நம்பவேண்டாம். தூண் வளையத்துக்கு வாங்கும் 6 மி.மீ. கம்பி வீடு கட்டிய எல்லாரிடமும் மிச்சம் கிடக்கும். அரை அடித் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கைபிடிக்க வளைத்து, இரண்டு பலகைக்கும் நடுவில் மூன்று இடத்தில் வைத்து ஆணி முறுக்குங்கள். பத்துப் பலகைக்கு ஒருதரம் நாடாவால் மொத்த அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. களவு போனாலும் 40 பலகையின் கடைசியில் 20 மி.மீ., ஒரு பலகையின் ஐந்திலொரு பங்கு, காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று. விட்ட இடைவெளி இடைவெளியாகவே இருக்கவேண்டும். முற்றத்தில் வேம்பு நின்றால் இலையும் கொட்டையும் மண்ணும் சேர்ந்து அதை இறுக்கிவிடும். அப்போது இடைவெளி இருந்தும் பயனில்லை, ஈரமும் பலகை ஓரத்திலேயே நிற்கும். புரட்டாதியில் ஒரு பழைய கத்தியால் எல்லா இடைவெளியையும் கீறிவிடுங்கள். ஒரு பின்னேரத்து வேலை.

"வைர மரம் அண்ணை, ஒண்டும் பெருக்காது" என்று ஓடாவி சொன்னார். உண்மையா?

வைரம் என்பது உக்காது, கறையான் இலேசில் தின்னாது. அந்த அளவில் அவர் சொல்வது சரி. பெருக்கம் வேறு கதை. பொதுவாகப் பார்த்தால் மரம் பாரமாக ஆக அசைவும் கூடும், ஒரே அளவு இடத்துக்குள் நார்ச் சுவர் அதிகம் என்பதால். தேக்கு இதற்கு ஒரு விதிவிலக்கு. பலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாக அசையும் மரம் அது. அந்தக் காலத்தில் கப்பல் தளத்துக்கு அதைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் முதிரை, பாலை சரிவராதா?

சரிவரும், பொறுமை இருந்தால்.

முதிரை எங்கள் காட்டின் மரம். வைரமான, மினுங்கும் பலகை தரும். நார் மாறி மாறி ஓடுவதால் அவசரமாகக் காயவைத்தால் முறுகும், மேலே மயிர்வெடிப்பு விழும். அரியும் தூள் சிலருக்குத் தோலில் கடி கிளப்பும், முழுக்கை உடுப்பும் முகமூடியும் போட்டு அரியச் சொல்லுங்கள். பாலை இன்னும் பாரம். தண்ணீரில் போட்டால் தாழும். தூணுக்கும் தாங்கு சட்டத்துக்கும் அதை விஞ்ச ஒன்றும் இல்லை. பலகையாக அரிந்து வெயிலில் போட்டாலோ காயும்போது தலைப்பிலிருந்து வெடிக்கும். நான் சட்டத்துக்குப் பாலை, மேலே நடக்கத் தேக்கு என்றுதான் சொல்வேன்.

எந்த மரமானாலும் ஓரத்தில் வெளிறிக் கிடக்கும் வெள்ளைப் பகுதி கொண்ட பலகையை வெளித் தளத்துக்கு எடுக்கவேண்டாம். அது தேக்கானாலும் உக்கும். பனைச் சலாகை கூரைக்கு நல்லது, வெறுங்காலோடு நடக்கும் தளத்தில் நார் கிளம்பிக் குத்தும்.

வன்னி மரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. போர்க்காலத்துச் செல் துண்டோ சன்னமோ உள்ளே புதைந்திருக்கலாம். வாளுக்குக் கேடு என்பது ஒன்று. அதைச் சுற்றி மரம் கறுத்து, அந்த இடத்தில் வெடிப்பும் விடும். பலகையில் காரணமில்லாத கறுப்புத் திட்டு கண்டால் தட்டிப் பாருங்கள். மரத்தை வாங்கும்போது கொண்டுசெல்லும் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பெறவும் மறக்கவேண்டாம்.

மீற்றர் இல்லாமல் பலகையின் ஈரத்தை எப்படி அறிவது?

மீற்றரைவிடத் திறமான முறை ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. பலகையின் தலைப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு அங்குல அகலத் துண்டு வெட்டுங்கள். தலைப்பு எப்போதும் முன்கூட்டியே காய்ந்திருக்கும், அங்கே வெட்டினால் ஏமாறுவீர்கள். வெட்டிய உடனே நிறுத்து எழுதுங்கள். கேக் சுடும் அவணில் 103 பாகையில் வைத்து, இனி எடை குறையவில்லை என்று ஆகும்வரை காயவையுங்கள். முதல் எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் பிரித்து, நூறால் பெருக்கினால் ஈரம். 236 கிராம் துண்டு 200க்கு வந்தால் 18 வீதம். அந்தப் பலகைகளை ஆவணியில் அடிக்கவேண்டாம். நகைக்கடைத் தராசு இருந்தால் இன்னும் துல்லியம்.

அவணும் இல்லையா? முழுப் பலகை ஒன்றில் அடையாளம் போட்டுக் கிழமைக்கு ஒருதரம் நிறுங்கள். எடை இறங்குவது நின்றால் அந்தக் காலநிலைக்குப் பலகை பழகிவிட்டது.

ஊசி குத்தும் மீற்றர் வாங்கினால், அதில் மர இனத்துக்கான திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தம் இல்லாமல் பாலையில் குத்திய எண் பொய் சொல்லும்.

வாங்கிய பலகையை எப்படி, எவ்வளவு காலம் காயவைப்பது?

ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே சோளகத்தில் ஒரு அங்குலத் தேக்குக்குச் சில மாதம் போதும், பாலைக்குப் போதாது. மாதத்தை எண்ணாமல் எடையைப் பார்ப்பதுதான் நல்லது.

நிழலில் அடுக்குங்கள். நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரு அங்குலச் சலாகை இரண்டடிக்கு ஒன்று. மேல்வரிசைச் சலாகை கீழ்வரிசைச் சலாகைக்கு நேர் மேலே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகை நெளிந்தே காயும். தலைப்புகளுக்குப் பழைய பெயின்ற் தடித்துப் பூசுங்கள். தலைப்பு வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கத்தைவிடப் பல மடங்கு, வெடிப்பு தொடங்குவதும் அங்கேதான். மேலே தகரம், தகரத்துக்கு மேலே பாரம். முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டால் மேற்பக்கம் மட்டும் காய்ந்து இறுகி வெடிக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

பலகை எழும்பவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு ஓரமும் உயர்ந்து, நடுவில் தண்ணீர் தேங்குகிறது.

மேற்பக்கம் காய்ந்து சுருங்க, கீழ்ப்பக்கம் ஈரத்தில் பெருத்திருக்கிறது. சந்தேகமே வேண்டாம், தளத்துக்கு அடியில் காற்றில்லை. பலகையைத் திருப்பிப் போட்டாலோ சீவித் தட்டையாக்கினாலோ தீராது.

குனிந்து அடியில் பாருங்கள். மாரியில் வன்னிக் களி நிலம் தண்ணீரை விடாது, கிணறு முட்ட நிற்கும். அந்த நிலத்துக்கு நாலு அங்குலம் மேலே பலகை கிடந்தால் அடிப்பக்கம் காய வாய்ப்பே இல்லை. சட்டத்துக்குக் கீழே குறைந்தது ஒரு அடி வெளி வேண்டும், ஒன்றரை அடி நல்லது. அழகுக்காகச் சுற்றிக் கல் வைத்து மூடியிருந்தால் தென்மேற்கிலும் வடகிழக்கிலும் உடைத்து வாய் வையுங்கள். சோளகம் ஒரு பக்கத்தால் புகுந்து மற்றப் பக்கத்தால் போகும், வாடை திரும்பி வரும். வருடம் முழுக்கக் காற்று இலவசம்.

பழைய சீமெந்துத் தரைக்கு மேலே சலாகை அடித்துப் பலகை போட்டவர்களுக்கு இந்த வளைவு கூட வரும். தரை சாயும் பக்கத்துக்குக் குறுக்கே சலாகை கிடந்தால் ஒவ்வொன்றும் அணைக்கட்டுத்தான். சலாகையைச் சாய்வின் போக்கிலேயே போடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்ரிக் கட்டை கொடுத்து உயர்த்தித் தண்ணீருக்கு வழி விடுங்கள்.

அகலமும் காரணம். 6 அங்குலப் பலகை 4 அங்குலத்தைவிட மிக மோசமாக வளையும். வெளியில் 5ஐத் தாண்டவேண்டாம்.

திருகாணிகள் தலை முறிந்து வருகின்றன.

கறுப்புத் திருகாணி போட்டிருப்பார்கள். அது கூரைத் தட்டி பிடிக்க வந்தது, பக்கவாட்டு இழுவையைத் தாங்காது. கறை பிடிக்காத உருக்கு வேண்டும். உள்ளூரில் 304 தரம் போதும். முல்லைத்தீவு, கொக்கிளாய் போன்ற கடலோரத்தில் 316. நீளம் பலகைத் தடிப்பின் இரண்டரை மடங்கு.

துளையிடாமல் வைரத்தில் முறுக்கக் கூடாது. பலகையில் இடும் துளை ஆணித் தண்டைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கட்டும், அசைய இடம் கிடைக்கும். சட்டத்தில் சின்னத் துளை, அங்கேதான் ஆணி கடிக்கவேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஆணி, ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே.

சாதாரண இரும்பாணி போட்ட இடத்தைச் சுற்றிக் கறுத்தால் அது மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த கறை. ஒக்சாலிக் அமிலக் கரைசல் எடுக்கும். கையுறை போட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள். ஆணியை மாற்றாமல் கறையை எடுத்தால் அடுத்த மாரிக்குத் திரும்ப வரும்.

எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசினால் பெருக்காதா?

பெருக்கும், கொஞ்சம் மெதுவாக. எந்தப் பூச்சும் ஈரத்தை முழுதாக மறிக்காது. ஆனால் இரண்டு நாள் மழையின் வேகத்தைத் தணிக்கும், மயிர்வெடிப்பைக் குறைக்கும். வெளித் தளத்துக்கு ஊறும் எண்ணெய்தான் நல்லது. மினுங்கும் வார்னிஷ் பலகை அசைய அசைய வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்து, தோலாக உரியும். அடிப்பதற்கு முன்பே நாலு பக்கமும் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஈரம் எடுத்து வளைவைக் கூட்டும். வெட்டிய தலைப்புகளுக்கு இரண்டு தரம்.

தளம் இப்போதே எழும்பிக் கிடக்கிறது. மழையும் விடவில்லை. என்ன செய்வது?

அவசரத்துக்கு ஐந்து பலகைக்கு ஒன்றைக் கழற்றுங்கள். மற்றவை அந்த இடத்தை நோக்கி நகர்ந்து அமத்தல் குறையும். இறுக்கம் தாங்காமல் கழற்ற முடியாவிட்டால் அந்தப் பலகையின் நடுவே நீளத்துக்கு வாள் ஓட்டிப் பிளந்து எடுக்கவேண்டியதுதான். பலகை போனாலும் சட்டம் தப்பும். விடுதியென்றால் ஓட்டையைப் பலகை குறுக்கே போட்டு மூடுங்கள், இரவில் யாரும் கால் விடாமல்.

இந்த நிலையில் சீவுளி போடவே கூடாது. இன்று தட்டையாக்கினால் பங்குனியில் காய்ந்து மறுபக்கம் வளைந்து நிற்கும். நிரந்தர வேலையைச் சித்திரைக்குப் பின் வையுங்கள். ஒவ்வொரு பலகையையும் கழற்றி, இலக்கம் போட்டு, ஒரு ஓரத்தில் 3, 4 மி.மீ. அரிந்து, கம்பித் துண்டு வைத்துத் திரும்ப அடியுங்கள். பழைய துளைகள் பொருந்தாது, சட்டத்தில் புதிதாகத் துளையிடவேண்டும். பழைய துளைகளை மர ஆப்பு வைத்து அடையுங்கள். அடைக்காத துளையில் தண்ணீர் நின்று சட்டம் உக்கும்.

மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. மாற்றவேண்டுமா?

வேண்டாம். நகம் நுழையாத வெடிப்பு வெயில் மழையின் வழமையான கீறல். மாரியில் மூடி, கோடையில் திறக்கும். ஆணியிலிருந்து தலைப்புவரை பலகையின் முழுத் தடிப்புக்கும் ஓடும் பிளவு என்றால் மட்டும் மாற்றுங்கள்.

மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த பலகை போட்டால் இந்தத் தொல்லை இல்லையாமே?

மழைக்குக் குறைவாகப் பெருக்கும். வெயிலுக்கு நீளத்தில் நீளும், ஆகவே தலைப்பு இடைவெளி அங்கே முக்கியம். எங்கள் மத்தியானத்தில் கால் வைக்க முடியாத சூடும் ஏறும். குழந்தைகள் ஓடும் முற்றத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

விறாந்தை கூரைக்குக் கீழே இருக்கிறது. அங்கேயும் 6 மி.மீ. விடவேண்டுமா?

மழை நேரே படாத இடத்தில் காற்றீரம் மட்டும்தான் வேலை செய்யும், பெருக்கம் ஏறத்தாழ பாதி. 3 மி.மீ. போதும், சுவரோரம் அரை அங்குலத்தைச் சட்டப் பலகையால் மறைத்துக்கொள்ளலாம். வடகிழக்கைப் பார்த்த விறாந்தையென்றால் வாடை சாரலைச் சரித்து உள்ளே அடிக்கும். வெளி ஓரத்து மூன்று நாலு பலகையை மட்டும் முற்றத்துத் தளம் மாதிரியே எண்ணி, அவற்றுக்கு 5 மி.மீ. விட்டு, வருடாவருடம் புரட்டாதியில் எண்ணெய் காட்டுங்கள்.